கப்பல் இல்லாதவர்கள் கேட்ட போர்

சின்ன தேசம், பெரிய சண்டை – 7

மார்டினிக் தீவில் விளைந்த சர்க்கரை ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டும். தீவு பிரெஞ்சுக்காரர்களுடையது. கடலோ பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பிடியில். நேராகப் போனால் சரக்கும் போய்விடும், கப்பலும் போய்விடும். அமெரிக்க வணிகர்கள் இதற்கு ஒரு சுற்றுவழி வைத்திருந்தார்கள். சர்க்கரையை முதலில் சேலத்தில் (நம் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுகம்) இறக்குவார்கள். சுங்கம் கட்டுவார்கள். பிறகு ஏற்றுமதி என்று காட்டி, கட்டிய சுங்கத்தில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே சர்க்கரையை மறுபடி ஏற்றுவார்கள். இப்போது அது அமெரிக்கச் சர்க்கரை. அமெரிக்கா நடுநிலை நாடு. யார் தடுப்பது?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுதான். நெப்போலியனும் இங்கிலாந்தும் மோதிக்கொண்ட அந்த ஆண்டுகளில் இந்த மறு ஏற்றுமதி ஏறிக்கொண்டே போய், 1807ல் ஏறத்தாழ 6 கோடி டாலரை எட்டியது.

லண்டன் எத்தனை நாள் பொறுக்கும்? 1805ல் 'எசெக்ஸ்' கப்பல் வழக்கில் தீர்ப்பு வந்தது. பார்சிலோனாவில் ஏற்றிய சரக்குடன் சேலம் வந்து, ஹவானாவுக்குப் புறப்பட்ட கப்பல் அது. நடுவில் துறைமுகத்தைத் தொட்டதெல்லாம் கண்துடைப்பு என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதுவரை கண்டும் காணாமலும் விடப்பட்ட வியாபாரம் பறிமுதலுக்கு உரியதானது. 1806 நவம்பரில் நெப்போலியன் பெர்லினிலிருந்து பிரிட்டனை முற்றுகையிடுவதாக ஆணையிட்டார். ஓராண்டு கழித்து பிரிட்டன், ஐரோப்பாவுக்குப் போகும் எந்தக் கப்பலும் தன் அனுமதி பெற்றே போக வேண்டும் என்றது. அப்படி அனுமதி பெற்ற கப்பலைப் பிடிப்பேன் என்று நெப்போலியன் டிசம்பரில் மிலானிலிருந்து பதில் ஆணை போட்டார். ஒருவன் சொல்படி நடந்தால் இன்னொருவனிடம் குற்றவாளி.

சரக்கு போனதைவிட ஆள் போனது கசப்பு. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் தேவைப்பட்டார்கள். அமெரிக்க வணிகக் கப்பல்களில் கூலி அதிகம். ஓடிவந்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களைத் தேடுகிறோம் என்று ஏறும் பிரிட்டிஷ் அதிகாரிகள், அமெரிக்கர்களையும் சேர்த்து இழுத்துப் போனார்கள். 1807 ஜூன் 22 அன்று நார்ஃபோக் அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான 'செசபீக்'கையே சோதனையிட வேண்டும் என்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'லெபர்ட்' கேட்டது. மறுத்ததும் சுட்டது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். பீரங்கிகள் தயாராக இல்லாத செசபீக் ஒரே ஒரு குண்டு மட்டும் சுட்டுவிட்டுக் கொடியை இறக்கியது. நான்கு மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு லெபர்ட் போய்விட்டது.

நாடே கொதித்தது. அதிபர் ஜெஃபர்சன் அன்று போர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை, கடையை மூடினார். 1807 டிசம்பரில் வந்த தடைச் சட்டத்தின்படி அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாடு போகக் கூடாது. நம் பஞ்சும் தானியமும் இல்லாமல் ஐரோப்பா தவிக்கட்டும் என்பது கணக்கு. தவித்தது யார்? 1807ல் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த அமெரிக்க ஏற்றுமதி மறு ஆண்டு 2 கோடியே 20 லட்சத்துக்கு விழுந்தது. சாம்ப்ளேன் ஏரி வழியாகக் கனடாவுக்குக் கள்ளச்சரக்கு போனது. கடத்தல்காரனின் கால்சட்டையைத் தடைச் சட்டம் என்ற ஆமை பின்னாலிருந்து கவ்வும் கேலிச்சித்திரம் அந்தக் காலத்தில் பிரசித்தம். 1809 மார்ச்சில் சட்டத்தைக் கைவிட்டார்கள். எதிரியை உறுத்தாத ஆயுதத்தால் சொந்த நாட்டைக் காயப்படுத்தியதுதான் ஜெஃபர்சனின் கடைசி ஆண்டுச் சாதனை என்பேன். அதன் பிறகு கையில் மிச்சமிருந்தது பாதித் தடைகளும் போரும்தான்.

இனிக் காட்டுக்கு வருவோம். செசபீக் சம்பவத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் கடலோடு நின்றுவிடுகிறார்கள். அதன் எதிரொலி பெரிய ஏரிகளின் கரையில் கேட்டது. அமெரிக்கா கோபத்தில் கனடாவின் மேல் பாயும் என்று பயந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், பூர்வகுடிகளின் பழைய நட்பைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். டெட்ராய்ட் ஆற்றின் மறுகரையில் இருந்த ஆம்ஹர்ஸ்ட்பர்க் கோட்டையில் துப்பாக்கியும் வெடிமருந்தும் பரிசாகக் கிடைத்தன.

அங்கே பகைக்குக் காரணம் ஏற்கெனவே இருந்தது. பிரிட்டன் உண்டாக்கியதல்ல. இண்டியானா கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1809ல் ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தின் மூலம் சுமார் 30 லட்சம் ஏக்கரைச் சில குலத் தலைவர்களிடம் எழுதி வாங்கியிருந்தார். மண் எல்லாக் குலத்துக்கும் பொது, அதை ஒரு குலம் மட்டும் விற்க முடியாது என்று வாதாடினார் ஷானி குலத்தின் டெக்கும்சே. 1810ல் வின்சென்ஸ் வந்து ஹாரிசனின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார். அடுத்த ஆண்டு தெற்குக் குலங்களைத் திரட்ட அவர் போயிருந்த நேரம் பார்த்து ஹாரிசன் சுமார் ஆயிரம் பேருடன் கிளம்பினார். நவம்பர் 7 விடியுமுன் டிப்பகனூ ஆற்றருகே சண்டை. ஹாரிசன் பக்கம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டெக்கும்சேயின் தம்பி நடத்திய ஊர் எரிந்தது. களத்தில் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் கிடந்தன என்ற செய்தி கென்டக்கி முழுக்கப் பரவியது. நிலத்தைப் பறித்தவர்களுக்கு இதைவிட வசதியான செய்தி இருக்க முடியாது.

மூன்று நாள் முன்னால்தான், நவம்பர் 4 அன்று, காங்கிரஸ் கூடியிருந்தது. கென்டக்கியின் ஹென்றி கிளே, வயது 34, பிரதிநிதிகள் சபைக்கு வந்த முதல் நாளே சபாநாயகர். தென் கரோலைனாவின் கால்ஹூனுக்கு 29. இவர்களைப் 'போர்ப் பருந்துகள்' என்றார்கள். கனடாவைப் பிடிப்போம் என்பது இவர்களுடைய பேச்சு.

கடலில் அடிபட்டவர்கள் நியூ இங்கிலாந்து கப்பல்காரர்கள். அவர்களே போரை எதிர்த்தார்கள்! நாலு கப்பல் பிடிபட்டாலும் தப்பியவை தரும் லாபத்தில் அவர்களுக்குக் கணக்கு நேராகிவிடும். கப்பலே இல்லாத உள்நாட்டு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. புகையிலையும் பஞ்சும் விலைபோகாமல் கிடந்தன. அதற்குக் காரணம் லண்டன் போட்ட ஆணை என்று அவர் நம்பினார்.

1812 ஜூன் 1 அன்று அதிபர் மேடிசன் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் மாலுமிகளைப் பிடித்தது முதலில் வருகிறது. முற்றுகைகள், வணிக ஆணைகள் அடுத்து. எல்லைப்புறச் சண்டை கடைசியில். போருக்கான வாக்கெடுப்பு பிரதிநிதிகள் சபையில் 79–49, செனட்டில் 19–13. ஃபெடரலிஸ்ட் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. நியூயார்க்கிலிருந்து ஆதரவு மூன்று, எதிர்ப்பு பதினொன்று. இதை மேற்கத்தியரின் போர் என்று மட்டும் சொல்வதும் சரியல்ல. கென்டக்கி, டென்னசி, ஒஹையோ மூன்றுக்கும் சேர்த்தே பத்து இடங்கள்தான். குரல் மேற்கிலிருந்து வந்தது. வாக்குகளைக் கொட்டியவை பென்சில்வேனியாவும் தெற்கும்.

ஜூன் 18 அன்று மேடிசன் கையெழுத்திட்டார். ஐந்தே நாளில், ஜூன் 23 அன்று, லண்டன் தன் வணிக ஆணைகளை ரத்து செய்தது. மே மாதம் பிரதமர் பெர்சிவல் நாடாளுமன்ற முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட குழப்பத்தில் அது தாமதமாகியிருந்தது. செய்தி அட்லாண்டிக் கடலைக் கடக்க வாரங்கள் பிடித்தன. வந்த பிறகும் மேடிசன் நிறுத்தவில்லை. மாலுமிகள் விவகாரம் தீரவில்லை என்றார். கனடாவைப் பிடிப்பது வெறுமனே நடந்து போகிற வேலை என்று ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் எழுதினார் ஜெஃபர்சன். அதே மாதம் ஜெனரல் ஹல் டெட்ராய்ட் கோட்டையைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்தக் கதை அடுத்த வாரம்.