மவுத்வாஷ் ஊத்தினா போதுமா? நாத்தம் போகும்... நோய் போகாது!

மதுரை:
மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போய் சேர்வதற்குள் பக்கத்து சீட்காரர் நாலு தடவை பேச்சு கொடுத்தால் போதும். நாத்தம் தாங்காமல் ஜன்னல் பக்கம் முகத்தை திருப்பிக் கொள்கிறோம். 'நம்ம வாயும் இப்படித்தானோ' என்ற பயத்தில் மெடிக்கல் ஷாப்புக்கு போய் பச்சை, நீலம், ஊதா கலரில் அடுக்கி இருக்கும் மவுத்வாஷ் பாட்டிலை வாங்கி வருகிறார்கள் பலர்.

காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. வாய் கமகமன்னு ஆயிடும். அதோட வேலை முடிஞ்சதுன்னு நெனைச்சாதான் ஆபத்து.

நாத்தம் எங்கிருந்து வருது?

வாய் நாற்றத்துக்கு பெரும்பாலும் காரணம் வயிறு அல்ல, வாய்தான். பல் இடுக்கில் சிக்கிய சோறு, நாக்கின் பின்பக்கம் படியும் வெள்ளை மாவு, ஈறு வீக்கம், சொத்தைப்பல் இவற்றில் பெருகும் கிருமிகள் கந்தக வாயுவை கிளப்புகின்றன. அதுதான் நாறுகிறது. பல்லில் பிசின் போல ஒட்டியிருக்கும் அழுக்கை தண்ணியாக இருக்கும் மருந்தால் கழற்ற முடியாது. பிரஷ் போட்டு தேய்த்தால்தான் போகும். அதனால் தினமும் 2 வேளை, 2 நிமிஷம் பல் தேய்க்கணும். நாக்கையும் வழிக்கணும். மவுத்வாஷ் அதற்கு பிறகுதான்.

ஆபரேஷன் மருந்தா இருந்தது

உலகம் முழுக்க விற்கும் 'லிஸ்டரின்' 1879ல் அமெரிக்காவில் வந்தபோது ஆபரேஷன் செய்யும் இடத்தில் கிருமியை கொல்லும் மருந்தாகத்தான் இருந்தது. கிருமி ஒழிப்பு ஆபரேஷனுக்கு வழிகாட்டிய டாக்டர் ஜோசப் லிஸ்டர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1920களில் 'வாய் நாற்றம்' என்று விளம்பரம் செய்த பிறகே அது வீட்டு பாத்ரூமுக்குள் நுழைந்தது.

எதை, எப்படி?

மவுத்வாஷில் பல வகை உண்டு. புளோரைடு உள்ளது பல் சொத்தையை தடுக்க உதவும். குளோர்ஹெக்சிடின் உள்ளது ஈறு நோய்க்கும், பல் பிடுங்கிய பிறகும் டாக்டர் எழுதிக் கொடுப்பது. இதை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் இழுத்தால் பல்லில் பழுப்பு கறை படியும், நாக்கில் ருசியும் மாறும்.

சில பாட்டில்களில் 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. வாய் வறண்டு போகிறவர்கள், வாய்ப்புண் உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததை லேபிள் பார்த்து வாங்குவது நல்லது.

பேஸ்ட் போட்டு தேய்த்த கையோடு மவுத்வாஷ் ஊற்றக்கூடாது. பேஸ்டில் உள்ள புளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். மதிய சாப்பாட்டுக்கு பிறகு போல வேறு நேரத்தில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவை எடுத்து, அரை நிமிஷம் கொப்பளித்து துப்பணும். விழுங்கவே கூடாது. அதன்பின் அரை மணி நேரம் டீ, காபி வேண்டாம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காதீங்க, முழுங்கி விடுவார்கள்.

காசு இல்லையேன்னு கவலை வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளித்தாலே ஈறு வலிக்கு இதமா இருக்கும்.

வெற்றிலை வாய்க்காரர்களே உஷார்

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை மீது குறை இல்லை. கூட சேரும் பாக்கும் புகையிலையும்தான் வில்லன். புகையிலை போடாமல் பாக்கு மட்டும் மென்றாலே புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003ல் முடிவு செய்தது.

குட்கா, பான்மசாலாவுக்கு தமிழக அரசு 2013ல் தடை போட்டது. அப்படியும் உதட்டுக்குள் அதக்கும் 'கூல் லிப்' பள்ளி மாணவர்களிடம் பரவுவது பற்றி 2024ல் ஐகோர்ட்டு மதுரை கிளை விசாரித்து கவலை தெரிவித்தது.

இவர்களுக்கு மவுத்வாஷ் ஒரு திரை மாதிரி. நாத்தம் வீட்டுக்கு தெரியாது. ஆனால் உள்ளே புண் வளர்ந்து கொண்டே இருக்கும்.

கண்ணாடி முன் நின்று வாயை திறந்து பாருங்க. 2 வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்பு திட்டு, கட்டி, காரம் பட்டாலே எரிச்சல் இருக்கிறதா? நடு மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட முடியவில்லையா? பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் இறுகுவதன் அடையாளம் இது. முற்றிய பிறகு பழையபடி திறக்க வைப்பது கஷ்டம்.

இதில் ஒன்று இருந்தாலும் மவுத்வாஷ் பாட்டிலை தேடாதீங்க. கோரிப்பாளையம் பக்கம் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது நம்ம பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்கு போங்க. பயப்படுற விஷயமா இருந்தா அங்கேயே சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. வாய் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வலியே இல்லையேன்னு அசால்ட்டா விட்டுறாதீங்க. ஆரம்பத்தில் அது வலிக்காது என்பதுதான் கொடுமை.