இலை தின்னும் பல்லியின் ஜீரணம்
பச்சை இகுவானாவை வளர்ப்போருக்கு ஆலோசனை கூறுவோர் அறிய வேண்டுவன

பல்லி இனத்தைச் சேர்ந்த பிராணிகளில் மிகப் பெரும்பாலானவை பூச்சி, புழு, முட்டை முதலியவற்றைத் தின்று வாழ்பவை. வீட்டுச் சுவரில் திரியும் பல்லியும், வேலியில் தலையாட்டும் ஓணானும், வயல்வெளியில் இரை தேடும் உடும்பும் அத்தகையனவே. ஆயினும் இவ்வினத்துள் இலையையும் தழையையும் பூவையுமே முக்கிய ஆகாரமாகக் கொண்ட சில பிராணிகளும் உண்டு. அவற்றுள், நம் நாட்டு நகரங்களில் வீட்டுப் பிராணியாக வளர்க்கப்படுவது பச்சை இகுவானா ஆகும். மெக்ஸிகோ முதல் தென் பிரேஸில், பராகுவே வரையில் உள்ள வெப்பப் பகுதிகள் இதன் தாயகம். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வாங்கப்படும் இது, வளர்ந்தபின் வால் உட்பட ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தை அடையும். முறையாகப் பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

ஆனால் வீடுகளில் வளரும் இகுவானாக்களில் பல அவ்வளவு காலம் வாழ்வதில்லை. அவை பட்டினியால் மாய்வதில்லை. அன்போடு அளிக்கப்படும் பொருந்தாத ஆகாரத்தாலேயே மாய்கின்றன. தவறான உணவின் தீமை உடனே வெளிப்படுவதில்லை என்பதே இதில் உள்ள இடர். மாதங்கள் பல கழிந்து நோய் கண்ணுக்குத் தெரியும்போது, எலும்பும் சிறுநீரகமும் பெரிதும் கெட்டுப்போயிருக்கும். கால்நடைத் துறை, வனத்துறைப் பணியாளர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும், "இது என்ன தின்னும்?" என்று கேட்போர் பலர். தின்ற இலை எங்கே, எவ்வாறு ஜீரணமாகிறது என்பதை அறிந்துகொண்டால், அக்கேள்விக்கு விடை தானே விளங்கும்.

பெருங்குடலில் நிகழும் வேலை

இலையின் உடலில் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளாகும். இதனைச் சிதைக்கும் ஜீரண நீர் முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலில் சுரப்பதில்லை. ஆகவே பசு தனது அசைவயிற்றிலும், குதிரையும் முயலும் தமது பின்குடலிலும், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு இடமளித்து, அவற்றைக்கொண்டு நார்ப்பொருளைப் புளிக்கச் செய்கின்றன. இகுவானா பின்பற்றுவது குதிரையின் முறை. அதன் பெருங்குடலின் முற்பகுதி பருத்து அகன்றிருக்கிறது. உட்புறத்தில் குறுக்கு மடிப்புகள் அமைந்து, அதனைச் சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. தின்ற இலை விரைந்து வெளியேறிவிடாமல் இம்மடிப்புகள் தடுத்து நிறுத்துகின்றன.

அங்கு நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து, எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்கள் குடற்சுவரின் வழியே இரத்தத்தில் கலந்து உடலுக்குச் சக்தி அளிக்கின்றன. இகுவானா தன் உணவிலிருந்து பெறும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு கிடைப்பதென்று கணக்கிடப்பட்டுள்ளது. பசுவைப்போல் இது அசைபோடுவதும் இல்லை. நம்மைப்போல் மென்று தின்பதும் இல்லை. இதன் பற்கள் இலையை நறுக்குவதற்கு மட்டுமே ஏற்றவை. நறுக்கிய துண்டுகளை அப்படியே விழுங்கிவிடுவதால், ஜீரணத்தின் பாரம் முழுவதும் குடலின்மீதே விழுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இகுவானாவை வளர்ப்பவர், பல்லிக்கு மட்டுமன்றி அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்திற்கும் ஆகாரம் இடுகிறார். அக்கூட்டத்திற்கு வேண்டுவன மூன்று: தகுந்த இலை, போதிய வெப்பம், போதிய காலம். வளர்ப்பில் நேரும் ஜீரணக் கோளாறுகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்று குறைவதால் விளைபவையே.

நுண்ணுயிர்கள் வந்து சேரும் விதம்

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டியின் குடலில் இந்நுண்ணுயிர்கள் இருப்பதில்லை. அவை எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதைப் பனாமா நாட்டில் ஆராய்ந்த காத்தரின் டிராயர் என்னும் விஞ்ஞானி, 1982ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். குட்டிகள் முதலில் முட்டைக்குழியின் மண்ணைத் தின்கின்றன. பின்னர் மரங்களில் ஏறி, வளர்ந்த இகுவானாக்களின் அருகில் சென்று அவற்றின் எச்சத்தைத் தின்கின்றன. அதன் வாயிலாகவே முழுமையான நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. அருவருக்கத்தக்கதாகத் தோன்றும் இப்பழக்கம், அக்குட்டிகளுக்கு வாழ்வாதாரமாக அமைந்துள்ளது.

இச்செய்தியில் நடைமுறைப் பயனும் உண்டு. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், நோய்க்கிருமிகளுடன் ஜீரணத்திற்கு உதவும் நுண்ணுயிர்களும் அழியக்கூடும். ஆதலின் கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி அவற்றைக் கொடுக்கலாகாது. குடலில் சில ஊசிப்புழுக்கள் காணப்படுவதும் இலையுண்ணும் பல்லிகளுக்கு இயல்பானதே. எச்சத்தைப் பரிசோதிக்காமல் புழுமருந்து கொடுத்தல் கூடாது.

வெப்பமும் காலமும்

பல்லி இனம் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெயிலிலிருந்து பெறுகிறது. இகுவானாவின் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி சென்டிகிரேடு வரையில் இருக்கும்போதுதான் அதன் குடலில் புளித்தல் செம்மையாக நடைபெறும். அந்நிலையிலும் இலை குடலைக் கடந்து வெளியேறப் பல நாட்கள் ஆகும். வெப்பம் குறைந்தாலோ நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்து, உணவு குடலிலேயே தங்கி, வாயு நிறைந்து வயிறு உப்பும். டெல்லி போன்ற வட இந்திய நகரங்களின் குளிர்காலத்திலும், குளிர்சாதன அறைகளிலும் வளரும் இகுவானா இலை தின்ற பின்னும் மெலிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே கூண்டின் ஒரு பகுதியில் 35 முதல் 38 டிகிரி வெப்பம் கிடைக்குமாறு மேலிருந்து விளக்கு அமைத்தல் வேண்டும். மற்றொரு பகுதி 27 டிகிரி அளவில் சற்றுக் குளிர்ந்திருத்தல் வேண்டும். பிராணி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே நாடிக்கொள்ளும். மின்சாரத்தால் சூடேறும் கற்களை அடியில் வைத்தால் வயிற்றுத் தோல் வெந்துவிடக்கூடும். காலை நேரத்தில் ஆகாரம் இடுவதே நலம். அன்றைய பகல் வெப்பம் முழுவதும் அப்பொழுதுதான் ஜீரணத்திற்குப் பயன்படும். தரையில் மணல் பரப்புதல் கூடாது. இலையோடு மணலையும் விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும்.

எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது

"குட்டியாக இருக்கும்போது பூச்சி தின்னும், வளர்ந்தபின் இலை தின்னும்" என்று கூறுவது இகுவானாவைப் பொறுத்தவரையில் தவறு. இது குட்டிப் பருவத்திலிருந்தே இலை தின்னும் பிராணி. விரைந்து வளரட்டும் என்று கருதி முட்டை, இறைச்சி, நாய்த் தீனி முதலியவற்றைக் கொடுப்போர் உளர். மிகுதியான மாமிசப் புரதத்தால் யூரிக் அமிலம் பெருகி, சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிகிறது. நீர் போதாதபோது இத்தீமை மேலும் வளரும். சைவ உணவு என்னும் காரணத்தால் சோறு, ரொட்டி, பால், பிஸ்கோத்து ஆகியவற்றைக் கொடுப்பதும் தவறேயாகும். அவற்றில் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நார்ப்பொருள் இல்லை. மாவுப்பொருள் மிகுந்தால் குடலில் புளித்தல் முறைகெட்டு, வயிற்றுப்போக்கு உண்டாகும்.

கொடுக்கும் இலையில் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸைப்போல் இரு மடங்காவது இருத்தல் நலம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் முன்னர் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70 மில்லிகிராம். அதே அளவு வாழைப்பழத்தில் சுண்ணாம்புச் சத்து 17 மில்லிகிராம், பாஸ்பரஸ் 36 மில்லிகிராம். வெள்ளரிக்காயில் முறையே 10, 25. பழத்தையும் வெள்ளரியையும் இகுவானா விரும்பித் தின்னும். ஆனால் அவற்றையே தின்று வாழ்ந்தால் அதன் எலும்பு உருகும்.

முருங்கை இலை, செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கட்டை இலை, குதிரைமசால் ஆகியவை ஏற்றவை. ஒரே இலையை நாள்தோறும் இடாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தல் வேண்டும். அவரை, பூசணி முதலியவற்றை நறுக்கிச் சிறிதளவு சேர்க்கலாம். பழம் மொத்த ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. பாலக் கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்து உடலில் சேராமல் தடுக்கும். முட்டைக்கோஸை இடைவிடாது கொடுத்தால் தைராய்டு சுரப்பியின் வேலை தடைப்படலாம். எனவே இவ்விரண்டையும் எப்போதாவது அன்றிக் கொடுக்க வேண்டா. அரளி நஞ்சாகையால் அதன் அருகிலும் விடலாகாது. பூச்சி மருந்து தெளித்த கீரையை நன்கு கழுவாமல் இடக் கூடாது. குடிநீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

வெயில் ஏன் வேண்டும்?

சுண்ணாம்புச் சத்து நிறைந்த இலையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அச்சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி தேவை. இகுவானாவின் தோலில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்கள் படும்போது அவ்வைட்டமின் உண்டாகிறது. சாளரக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது. ஆதலால் கண்ணாடிச் சாளரத்தின் ஓரம் வைக்கப்பட்ட பிராணிக்கு வெளிச்சம் கிடைக்குமேயன்றி வைட்டமின் கிடைக்காது. கம்பிவலைக் கூண்டில், ஒதுங்க நிழலும் வைத்து, நேர் வெயிலில் விடுதல் சிறந்தது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தாலோ உள்வெப்பம் ஏறிப் பிராணி இறந்துவிடும். வெயில் இல்லாத இடங்களில் இதற்கென விற்கப்படும் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தலாம். நாளடைவில் அதன் கதிர்கள் குறைவதால், குறித்த காலத்தில் அதனை மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நலமுள்ள இகுவானாவின் எச்சத்தில் உருண்டு திரண்ட கரும்பகுதி, வெண்மையான யூரேட்டுப் பகுதி, தெளிந்த நீர் என மூன்று பகுதிகள் இருக்கும். நாசித் துவாரங்களில் வெண்பொடி படிவதும் தும்முவதும் பெரும்பாலும் நோயல்ல; மிகுதியான உப்புக்களை மூக்கிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றும் முறையே அது. மாறாக, கீழ்த்தாடை ரப்பரைப்போல் வளைதல், பின்தொடைகள் பருத்துக் கெட்டியாதல், விரல்கள் நடுங்குதல், உடலைத் தூக்கி நடக்க இயலாமை ஆகியவை எலும்புச் சத்துக் குறைவைக் காட்டும். தொடை பருப்பதைக் கண்டு "நன்றாகக் கொழுத்துவிட்டது" என்று மகிழ்வோர் உண்டு. உண்மையில், வலுவிழந்த எலும்பைத் தாங்குவதற்காக உடல் நார்த்திசுவைச் சேர்ப்பதால் ஏற்படும் வீக்கமே அது. வயிறு உப்பி, பல நாட்கள் எச்சமிடாமல் இருப்பதும், மூட்டுகள் வீங்குவதும், குடல் வெளித்தள்ளுவதும் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகள்.

நமது கடமை

இகுவானா இனம் வன உயிர் வாணிபம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டதாகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும், 2024இல் வெளியான விதிகளும், இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் பரிவேஷ் இணைய வாயில் மூலம் பதிவு செய்தல் வேண்டுமெனக் கூறுகின்றன. பேண இயலாதவர் இதனைத் தோப்பிலோ காட்டிலோ விட்டுவிடலாகாது. அவ்வாறு பரவிய இகுவானாக்கள் அமெரிக்காவின் புளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பெருகிப் பெருந்தொல்லையாகியுள்ளன.

நம் நாட்டிலும் இலையுண்ணும் பல்லி உண்டு. ராஜஸ்தான் பாலைவனத்திலும் கட்ச் பகுதியிலும் வளை தோண்டி வாழும் முள்வால் பல்லி, பெரும்பாலும் புல்லையும் பாலைச் செடிகளையும் தின்று வாழ்கிறது. 'சாண்டா' எண்ணெய்க்காக இது வேட்டையாடப்படுகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றதாகையால், இதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். கள்ள வாணிபத்திலிருந்து மீட்கப்பட்ட பிராணியைச் சிறிது காலம் பேண நேரும் பணியாளர், இலை, வெப்பம், காலம் என்னும் மேற்கூறிய நெறியை இதற்கும் பொருத்திக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் மாணவருக்கு உணர்த்த வேண்டியது இன்னுமொன்று உண்டு. ஊர்வனவற்றின் குடலில் ஸால்மொனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாதிருத்தலே நலம்.

இகுவானா வாங்க விரும்பும் ஒருவர் ஆலோசனை கேட்பாராயின், 15 ஆண்டுகள் நாள்தோறும் புதிய இலையும் வெயிலும் வெப்பமும் தம்மால் அளிக்க இயலுமா என்று முதலில் அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். இயலாதெனில் வாங்காதிருப்பதே அப்பிராணிக்கு அவர் செய்யும் நன்மையாகும். ஏற்கெனவே வளர்ப்பவராயின், இன்று அதன் தட்டில் என்ன இருக்கிறதென்று கேட்டு, அதிலிருந்தே திருத்தத்தைத் தொடங்கலாம்.