வேலி வழியே நடந்த வீரச் சிறுமி

வீரம் என்றதும் வாளும் வேலும் ஏந்திய வீரரே நம் மனக்கண் முன் தோன்றுவர். ஆயுதம் ஏதுமின்றி, தாயிடம் திரும்பிச் செல்லவேண்டும் என்ற உறுதியொன்றையே துணையாகக் கொண்டு வறண்ட நிலம் கடந்த ஒரு சிறுமியின் வீரத்தை, 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றபிட் புறூஃப் பென்ஸ்’ என்னும் அவுஸ்திரேலியத் திரைப்படத்திலே நாம் காண்கிறோம். ‘முயல் தடுப்பு வேலி’ என்பது அப்பெயரின் பொருள். பிலிப் நொய்ஸ் நெறிப்படுத்திய இப்படம் வெறுங் கற்பனையன்று. மொலி கிரெய்க் என்ற ஆதிக்குடிப் பெண்ணின் வரலாற்றை அவர் மகள் டொறிஸ் பில்கிங்ரன் 1996இல் நூலாக எழுதினார். அந்நூலைத் தழுவியதே இப்படம்.

ஆதிக்குடித் தாய்மாருக்கும் வெள்ளையருக்கும் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பது அக்காலத்து மேற்கு அவுஸ்திரேலிய அரசின் கொள்கையாயிருந்தது. தாய்மொழியும் மரபும் மறந்துபோனால், அப்பிள்ளைகள் வெள்ளையர் சமூகத்துள் கரைந்துவிடுவர் என அதிகாரிகள் எண்ணினர். 1931இல், ஜிகலோங் என்னும் ஊரில் வாழ்ந்த 14 வயது மொலியும், தங்கை டெய்சியும், உறவுச் சிறுமி கிரேசியும் இவ்வாறே பறித்தெடுக்கப்பட்டு, தெற்கே நெடுந்தொலைவிலுள்ள மூர் ரிவர் குடியேற்றத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அங்கே தாய்மொழி பேசுதல் தகாது என்கிறார்கள். மொலி வாதாடவில்லை, வானத்தைப் பார்க்கிறாள். கருமேகம் திரளக் கண்டதும், மழை தம் காலடித் தடங்களை அழித்துவிடும் என்று தெளிந்து, இளையவர் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறாள். தடம் தேர்வதில் வல்லவனான ஆதிக்குடியினன் ஒருவன் பின்தொடர்கிறான். மொலியோ ஆற்றுநீரில் இறங்கி நடந்து அவனையும் ஏமாற்றுகிறாள். அவளது நுண்ணறிவைக் கண்டு அவன் உள்ளூர வியப்பதை, டேவிட் குல்பிலில் தம் மௌனத்தாலேயே உணர்த்துகிறார்.

முயல்கள் மேற்கே பரவாதிருக்க வெள்ளையர் 1907இல் கட்டி முடித்த நெடுவேலி, ஜிகலோங்கை அடுத்துச் செல்கிறது. அதனை அறிந்த மொலி, அவ்வேலியையே வழித்துணையாகக் கொள்கிறாள். ஓரிடத்தில் அவள் வேலிக்கம்பியைப் பற்றுகிறாள். தொலைவிலே தாயும் அதே வேலியைப் பற்றி நிற்கிறாள். மற்றோரிடத்தில், சோர்ந்து வீழ்ந்தவளைத் தாய் முன்பு காட்டிய காவற் பறவையாகிய கழுகின் குரல் எழுப்புகிறது. இக்காட்சிகளில் எவர்லின் சாம்பி என்னும் சிறுமி அதிகம் பேசுவதில்லை; கண்களே பேசுகின்றன.

இடைவழியில் கிரேசி பிடிபடுகிறாள். ஏனைய இருவரும் ஏறத்தாழ 9 வாரங்களில், சுமார் 1,600 கிலோமீற்றர் நடந்து வீடு சேர்கின்றனர்.

ஆனால் துயரம் அத்துடன் தீரவில்லை. பின்னாளில் மொலி தம் இரு பெண் குழந்தைகளுடன் மீண்டும் மூர் ரிவருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1941இல் இளைய குழந்தையைச் சுமந்துகொண்டு மறுபடியும் நடந்து ஊர் சேர்ந்தார். அக்குழந்தையும் பின்னர் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 2004இல் கண்மூடும்வரை அவர் அதனைக் காணவேயில்லை. படத்தின் முடிவில், முதுமையுற்ற மொலியும் டெய்சியும் தம் நிலத்திலே நடந்து வரும் காட்சியைக் கண்டு கலங்காதார் இலர். இத்தகைய கொடுமைகளுக்காக அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் பிரதமர் கெவின் றட் மன்னிப்புக் கோரியது 2008இலேயாகும்.

மாணவர்களே, இதிலே நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. மழையையும் தடத்தையும் பறவையையும் அறிந்த அறிவை அதிகாரிகள் அறியாமை என்றே கருதினர். அவ்வறிவே ஒரு சிறுமியைத் தாயின் மடியிலே கொண்டுசேர்த்தது.