'சூப்பர்' ஒன்றுதானா பாராட்டு?

சுட்டிகளே! ஒரு நாளில் எத்தனை முறை 'சூப்பர்' சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா சுட்ட தோசை சூப்பர். நண்பனின் புது சைக்கிள் சூப்பர். மழைக்காக பள்ளிக்கு லீவு விட்டால் அதுவும் சூப்பர்!

'சூப்பர்' லத்தீன் மொழியில் இருந்து வந்த சொல். 'மேலே' என்பது அதன் பொருள். தோசை முதல் லீவு வரை எல்லாமே 'மேலே' என்றால், உண்மையிலேயே உயர்ந்த ஒன்றைப் பார்க்கும்போது என்ன சொல்வீர்கள்? ஆங்கிலத்தில் பாராட்டுச் சொற்கள் ஏராளம். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று தெரிந்துகொள்வோமா?

பாப்பாரப்பட்டியில் ஒரு பேச்சுப் போட்டி

தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் இது. 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி அவர் இங்கேதான் மறைந்தார். அவருடைய நினைவிடமும் இங்கு இருக்கிறது.

சிவாவின் நினைவு நாளில் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தோழி மேடை ஏறப் போகிறாள். அவளிடம் என்ன சொல்வீர்கள்?

பேசுவதற்கு முன்னால் 'ஆல் தி பெஸ்ட்' சொல்லுங்கள். இது வாழ்த்து. பேசி முடித்துவிட்டு இறங்கி வந்ததும் 'வெல் டன்' சொல்லுங்கள். இது செய்து முடித்த வேலைக்கான பாராட்டு. அவள் தினமும் பயிற்சி செய்து முன்னேறி வருகிறாள் என்றால் 'கீப் இட் அப்' சொல்லலாம். 'இதே போலத் தொடர்ந்து செய்' என்று பொருள். பரிசு வாங்கிவிட்டால் 'கங்கிராஜுலேஷன்ஸ்' சொல்ல வேண்டும். கடைசியில் வரும் அந்த 'ஸ்' முக்கியம். அதை விட்டுவிட்டுச் சொல்வது தவறு.

குட்டா, வெல்லா?

இந்த இரண்டிலும் பலர் தடுமாறுவார்கள். ஒரு பொருளை அல்லது ஆளைப் பாராட்டும்போது 'குட்' வரும். 'யுவர் ஸ்பீச் வாஸ் குட்' சரி. ஒரு செயலை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும்போது 'வெல்' வரும். 'யூ ஸ்போக் வெல்' சரி. 'யூ ஸ்போக் குட்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்!

கிரிக்கெட் வர்ணனையைக் கவனித்தால் இது எளிதாகப் பிடிபடும். பந்து நன்றாக விழுந்தால் 'குட் பால்'. மட்டையாளர் நன்றாக ஆடினால் 'வெல் பிளேய்ட்'. ஆபத்தான பந்தைத் தொடாமல் விட்டுவிட்டாலும் பாராட்டு உண்டு. அதற்கு 'வெல் லெஃப்ட்' என்பார்கள். அடிக்காமல் இருந்ததற்கும் ஒரு சபாஷ்!

எந்தப் படியில் எந்தச் சொல்?

உங்கள் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் எழுதும் சொற்கள் ஓர் ஏணி போல அடுக்கியிருக்கும். 'ஃபேர்' என்றால் சுமார். அதற்கு மேல் 'குட்', அப்புறம் 'வெரி குட்', உச்சியில் 'எக்ஸலன்ட்'. இந்தச் சொல்லுக்குள்ளேயே 'மிகச் சிறந்தது' என்ற பொருள் இருக்கிறது. அதனால் 'வெரி எக்ஸலன்ட்' என்று சொல்லக் கூடாது.

'ஓகே' எந்தப் படியில் வரும்? 'என் கட்டுரை எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, 'ஓகே' என்று பதில் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். 'பரவாயில்லை' என்றுதான் அர்த்தம்! 'நாட் பேட்' என்றால் 'மோசமில்லை'. ஆனால் சிரித்த முகத்தோடு சொன்னால் அதுவே நல்ல பாராட்டு. 'கொய்ட் குட்' என்று ஓர் இங்கிலாந்துக்காரர் சொன்னால், பெரும்பாலும் 'ஓரளவு நல்லது' என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் 'ரொம்ப நல்லது' என்று எடுத்துக்கொள்ளலாம்.

சொற்களின் பழைய கதை

'நைஸ்' என்ற சொல் பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்கு என்ன பொருள் தெரியுமா? முட்டாள்! 'அறியாத' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து அது பிறந்தது. மெல்ல மெல்ல மாறி இன்று 'இனிய, நல்ல' என்று ஆகிவிட்டது. 'டெரிஃபிக்' முதலில் 'பயங்கரமான' என்று பொருள் தந்தது. நாமும் 'பயங்கரமா ஆடினான்' என்று பாராட்டுகிறோம் அல்லவா? அதே கதைதான்!

'ஓகே' ஒரு விளையாட்டில் பிறந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1839-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் அது அச்சானது. பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

'பிராவோ' இத்தாலிக்காரர்களின் சொல். அங்கே ஆணுக்கு 'பிராவோ', பெண்ணுக்கு 'பிராவா'. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'பிராவோ'தான். நம் 'சபாஷ்' பாரசீகத்தில் இருந்து வந்தது. 'மகிழ்ச்சியாக இரு' என்று பொருள். இந்தச் சொல் ஆங்கில அகராதிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது!

எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்லும் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளது அல்ல. 1817-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' என்ற ஆங்கில நாவலில் ஜேன் ஆஸ்டின் இதைக் கேலி செய்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் 'நைஸ்' சொல்வதை அதில் ஒரு பாத்திரம் கிண்டலடிக்கும். அன்றைக்கு 'நைஸ்', இன்றைக்கு 'சூப்பர்'!

தடுமாறியவருக்கு என்ன சொல்வது?

இப்போது பேச்சுப் போட்டிக்கு வருவோம். ஒரு மாணவன் மேடை ஏறுகிறான். சிவா 1908-இல் சிறை சென்றதையும், அங்கே தொழுநோய்க்கு ஆளானதையும், விடுதலைக்குப் பின் ரயிலில் செல்ல ஆங்கில அரசு தடை விதித்தபோதும் ஊர் ஊராகச் சென்று பேசியதையும் நன்றாகவே சொல்கிறான். திடீரென்று அடுத்த வரி மறந்துவிடுகிறது. திணறுகிறான். கண் கலங்க இறங்கி வருகிறான்.

அவனிடம் போய் 'சூப்பர்' என்றால் எப்படி இருக்கும்? கேலி செய்வது போலத்தான் இருக்கும். 'குட் டிரை' என்று சொல்லுங்கள். 'நல்ல முயற்சி' என்பது உண்மை. உண்மையாக இருப்பதால் அவன் அதை ஏற்றுக்கொள்வான். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடாதீர்கள், அதுவும் கேலியாகிவிடும்.

அதோடு நிறுத்தாமல் இன்னொரு வாக்கியமும் சொல்லுங்கள். 'ஐ லைக்ட் தி வே யூ டோல்ட் தி ஜெயில் ஸ்டோரி.' சிறைக் கதையை நீ சொன்ன விதம் எனக்குப் பிடித்தது என்று பொருள். எது நன்றாக இருந்தது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அதை நம்பி அவன் மேடை ஏறுவான். வெறும் 'சூப்பர்' அதைச் சொல்லித் தராது.

உங்களை யாராவது பாராட்டினால், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று நெளியாதீர்கள். 'தேங்க் யூ' என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். போதும்.

நாளைக்கு ஒரு நாள் மட்டும் 'சூப்பர்' சொல்லாமல் இருந்து பாருங்களேன். காலையில் தட்டில் தோசை விழுந்ததும், அதில் எது நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். அம்மாவின் முகத்தைக் கவனியுங்கள். இன்னொரு தோசை கிடைத்தாலும் கிடைக்கும்!