பழைய சாமான்: விற்பதா, கொடுப்பதா?

பிள்ளைகள் வளர வளரச் சட்டை கட்டையாகும், சப்பாத்து காலுக்கு ஏறாது, தொட்டில் மூலையில் கிடந்து தூசி பிடிக்கும். இவற்றை என்ன செய்வது என்று சவளக்கடைப் பக்கத் தாய்மார் நம்மிடம் கேட்பதுண்டு. "வித்தா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்பதுதான் பலருக்கு யோசனை.

விற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சைக்கிள், தையல் மெஷின், மின்விசிறி, அலுமாரி எல்லாம் உங்கள் உழைப்பில் வாங்கியவை. கடன் உள்ள வீடு அவற்றை விற்றுக் கடனைக் கட்டுவதே முறை. ஆனால் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பாவிக்கிற ஆளுக்கே விற்கப் பாருங்கள். இரும்புக்காரர் நிறைக்குத்தான் காசு தருவார். ஓடுகிற சைக்கிளும் அவருக்கு இரும்புதான்.

பாடசாலை வெள்ளைச் சட்டை, புத்தகப் பை, சப்பாத்து இவற்றை விற்றுப் பெரிதாக ஒன்றும் வராது. புது வகுப்புத் தொடங்கும் நேரம் வாங்க வழியில்லாத வீட்டுக்கு அவை பெரிய உதவி. துவைத்து, பொத்தான் தைத்து, "இது வேணுமா?" என்று தாயிடம் தனியாகக் கேட்டுக் கொடுங்கள். பிறகு பிள்ளைகள் நடுவே "இது என்ட மகன்ட சட்டை" என்று சொல்லி வைக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் அழிந்தன. அப்போது உதவி என்ற பெயரில் இந்த வெக்கை நாட்டுக்குக் குளிர்கால உடுப்புக்களும் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் நாகபட்டினத்திலோ பழைய துணி வீதியோரம் குவிந்து கிடந்தது. மீனவர்கள் அதை எடுக்க மறுத்தார்கள். வீடு வாசல் போனால் மானமும் போய்விடுமா? அந்தக் குவியலை அள்ளி அகற்றவே ஆளும் வாகனமும் வேண்டியிருந்தது.

ஆகவே தூரத்து ஊருக்கு உதவுவதென்றால் மூட்டை கட்டாதீர்கள். சாமானை இங்கேயே விற்று அந்தக் காசைக் கொடுங்கள். அரிசியோ மருந்தோ, தேவையானதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறும் நாட்களில் பக்கத்து வீட்டுக்குப் பாயும் போர்வையும் கொடுப்பது வேறு விஷயம். அங்கே யாருக்கு என்ன வேணும் என்பது நமக்கே தெரியும்.

விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்ற சாமானும் உண்டு. பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுவந்து தருகிறவர்களும் இதைக் கவனிக்கவும். மரத் தொட்டிலின் சட்டங்களுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். வெடித்த பால் சூப்பியில் கிருமி தங்கும். சில்லு வைத்த 'வோக்கர்' மிக ஆபத்து. அதில் இருந்த குழந்தைகள் படியில் உருண்டு தலையில் அடிபட்டதால் கனடா 2004இல் அதைத் தடை செய்தது. பாவித்ததை விற்பதற்கும் அங்கே அனுமதியில்லை. நமது வீடுகளில் படியோடு அடுப்படியும் கிணற்றடியும் இருக்கின்றன. அப்படியான சாமானை முழுதாக வெளியே வைத்தால் இன்னொரு தாய் எடுத்துப் போவாள். உடைத்துவிட்டே எறியுங்கள்.