இற்றைப்படுத்தலுக்குப் பின் மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்புக் கோளாறு

மடிக்கணினியின் இயங்குதளம் இற்றைப்படுத்தப்பட்ட பின்னர் அதன் வை-ஃபை இணைப்பு செயலிழப்பதோ, அடிக்கடி அறுபடுவதோ, வேகம் குன்றுவதோ இற்றைப்படுத்தலுக்குப் பின்னான கம்பியில்லா இணைப்புக் கோளாறு ஆகும். விண்டோஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இது காணப்படுகிறது. பெரும்பாலும் இதில் வன்பொருள் பழுதடைவதில்லை. வன்பொருளையும் இயங்குதளத்தையும் பிணைக்கும் மென்பொருள் அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதே காரணமாகிறது. இதனை அறியாத பயனர்கள் வன்தட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முற்படுவதுண்டு. அதனால் படி எடுத்து வைக்கப்படாத கோப்புகள் அழிவதுடன், பொருந்தாத இயக்கியே மீண்டும் நிறுவப்பட்டால் கோளாறும் தொடரும். ஆகவே கோளாறு எந்த அடுக்கில் உள்ளது எனக் கண்டறிவதே முதற்பணி ஆகும்.

அடுக்குகள்

கம்பியில்லா இணைப்பு நான்கு அடுக்குகளின் கூட்டுச் செயற்பாடாகும்.

1. வன்பொருள்: வானொலி அலைகளை அனுப்பிப் பெறும் சில்லும் அதன் அலைவாங்கியும்.
2. நிலைப்பொருள்: அச்சில்லின் உள்ளே ஓடும் சிறு நிரல். பல சில்லுகளில் இது நிலையாகப் பதிக்கப்படாமல், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் வன்தட்டிலிருந்து ஏற்றப்படுகிறது.
3. இயக்கி: சில்லுக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனிக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருள்.
4. இணைப்பு மேலாண்மை மென்பொருள்: கிடைக்கும் வலையமைப்புகளைப் பட்டியலிட்டு, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, முகவரி பெறும் பகுதி.

இற்றைப்படுத்தல் முதல் அடுக்கைத் தொடுவதில்லை. மற்ற மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றைப் பழையபடியே விட்டால் கோளாறு தோன்றுகிறது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

டெபியன் லினக்ஸ்: 2011 பெப்ரவரியில் வெளியான டெபியன் 6.0 பதிப்பில், மூலநிரல் வெளியிடப்படாத நிலைப்பொருள்கள் கருனியிலிருந்து நீக்கப்பட்டன. மென்பொருள் விடுதலை குறித்த கொள்கையே இதன் காரணம். அந்நிலைப்பொருள்களைப் பயனர் தனியாகப் பெற்று நிறுவ வேண்டியிருந்தது. 2022 இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்நிலைப்பாட்டை மாற்றினர். 2023 சூனில் வெளியான டெபியன் 12 முதல் இவை நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்படுகின்றன.

பிராட்காம் சில்லுகள்: இந்நிறுவனத்தின் பழைய சில்லுகள் சிலவற்றுக்கு மூலநிரல் மூடப்பட்ட இயக்கியே பயன்படுத்தப்படுகிறது. கருனி மாறும்போதெல்லாம் இதனை அக்கருனிக்கு ஏற்ப மீண்டும் தொகுக்க வேண்டும். தொகுத்தல் தோல்வியுற்றால் புதிய கருனியில் வை-ஃபை இராது; பழைய கருனியில் வழக்கம்போல் இயங்கும். 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூலநிரல் இயக்கியை வெளியிட்டது.

உபுண்டு 22.04: 2022 ஏப்ரலில் வெளியான இப்பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 என்னும் மறையீட்டு நிரலகம் இடம்பெற்றது. பழைய, பாதுகாப்புக் குறைந்த மறையீட்டு முறைகளை அது ஏற்பதில்லை. ஆகவே பழைய வழங்கிகளைக் கொண்ட கல்லூரி, அலுவலக வலையமைப்புகளில் சரியான கடவுச்சொல் அளித்தும் இணைப்பு கிட்டாத நிலை ஏற்பட்டது. வீட்டு வை-ஃபை மட்டும் இயங்கியது.

விண்டோஸ் 11: 2023 டிசம்பரில் வெளியான கேபி5033375 என்னும் இற்றைப்படுத்தலுக்குப் பின் சில மடிக்கணினிகள் கல்வி, வணிக நிறுவனங்களின் வை-ஃபையில் இணைய மறுத்தன. மைக்ரோசாப்ட் இதனை ஒப்புக்கொண்டு, சில நாட்களில் அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றது.

கண்டறியும் முறை

கீழுள்ள வரிசையில் சோதித்தால் கோளாறின் இடம் பெரும்பாலும் புலப்படும்.

1. அதே வை-ஃபையில் ஒரு செல்பேசி இயங்குகிறதா எனப் பார்த்தல். அதுவும் இயங்கவில்லையெனில் கோளாறு திசைவியிலோ (ரூட்டர்) இணையச் சேவையிலோ உள்ளது.
2. வை-ஃபை அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல். விசைப்பலகையின் வானூர்தி விசையும் சில மாதிரிகளில் பக்கவாட்டு ஆளியும் இதனை அணைக்கும். லினக்சில் ஆர்எஃப்கில் என்னும் கட்டளை, அணைத்தது வன்பொருளா மென்பொருளா எனக் காட்டும்.
3. கணினி சில்லை அறிகிறதா எனப் பார்த்தல். விண்டோசில் சாதன மேலாளரும், லினக்சில் எல்எஸ்பிசிஐ கட்டளையும் இதற்கு உதவும். பட்டியலில் சில்லின் பெயர் இருந்து, வலையமைப்புகள் தோன்றவில்லையெனில் இயக்கியையோ நிலைப்பொருளையோ ஐயுறலாம். லினக்சில் நிலைப்பொருள் கோப்பு கிடைக்காதபோது அக்கோப்பின் பெயருடன் பிழைச்செய்தி கருனியின் பதிவேட்டில் எழுதப்படும்.
4. வலையமைப்புகள் தோன்றியும் இணைப்பு கிட்டவில்லையெனில் கோளாறு நான்காம் அடுக்கில் இருக்க வாய்ப்பு மிகுதி. சேமிக்கப்பட்ட வலையமைப்பை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மீண்டும் இட்டுப் பார்க்கலாம்.

சரிசெய்யும் வழிகள்

இயக்கி இணையத்தில் உள்ளது, இணையத்தை அடைய இயக்கி வேண்டும் என்பதே இக்கோளாற்றின் முதன்மை இடர்ப்பாடு. ஆண்ட்ராய்டு செல்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, செல்பேசியில் யூஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கினால் இதனைக் கடக்கலாம். இவ்வழிக்கு வை-ஃபை இயக்கி தேவையில்லை. திசைவியிலிருந்து நேரடியாக ஈதர்நெட் கம்பி இழுப்பது மற்றொரு வழி.

விண்டோசில் சாதன மேலாளர் வழியாக முந்தைய இயக்கிக்குத் திரும்பலாம். அல்லது கடைசியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்கலாம். பெரும் பதிப்பு மாற்றத்தைத் திரும்பப் பெற இயல்பாக 10 நாட்கள் மட்டுமே அவகாசம் உண்டு. வலையமைப்பு மீளமைவு என்னும் வசதி சேமித்த வை-ஃபை கடவுச்சொற்களையும் அழித்துவிடுமாதலால் அதனைக் கடைசியில் கையாள்வது நன்று.

லினக்சில் தொடக்கப் பட்டியலிலிருந்து முந்தைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் வை-ஃபை இயங்கினால் வன்பொருள் பழுதில்லை என்பது உறுதி. பாதுகாப்பான தொடக்கம் இயக்கப்பட்டுள்ள கணினியில், கையொப்பம் இடப்படாத இயக்கியைக் கருனி ஏற்க மறுக்கும் என்பதையும் கருதவேண்டும்.

இரு இயங்குதளங்கள் கொண்ட மடிக்கணினியில் விண்டோசின் விரைவுத் தொடக்க வசதி சில்லை அரைத்தூக்க நிலையில் விட்டுவிடுவதுண்டு. அப்போது லினக்சால் அதனை எழுப்ப இயலாமற் போகலாம். அவ்வசதியை நிறுத்திவிட்டுக் கணினியை முழுமையாக அணைத்தல் இதற்குத் தீர்வாகும்.

சென்னையின் மேற்குப் புறநகர்

முகப்பேர் போன்ற மேற்குப் புறநகர்களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளும் தனியார் அடுக்குமாடிகளும் நெருங்கி அமைந்துள்ளன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திசைவி இருக்கும் சூழலில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று மேவாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. இந்நெரிசலால் வேகம் குன்றுவதை இற்றைப்படுத்தலின் விளைவு எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. பின்னிரவில் வேகம் மீண்டால் நெரிசலே காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. மடிக்கணினியும் திசைவியும் இடங்கொடுத்தால் அப்பட்டைக்கு மாறுவது நலம். இற்றைப்படுத்தலுக்குப் பின் நாட்டுக் குறியீடு அமெரிக்கா என மாறியிருந்தால், இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட 12, 13 ஆம் தடங்களில் இயங்கும் திசைவி கணினிக்குத் தென்படாது.

முகப்பேருக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கக் கட்டத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 உடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. விண்டோஸ் 11 இன் வன்பொருள் தேவைகளை நிறைவு செய்யாத பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு மாற்றாகும். அவ்வாறு மாறும்போது இயக்கிக் கோளாறு தோன்றக்கூடும். ஒரு மாணவரின் ஒரே கணினியை வை-ஃபை இயங்காத காரணத்துக்காக மட்டும் ஒதுக்கிவிடத் தேவையில்லை.

முன்னெச்சரிக்கைகள்

* பெரும் பதிப்பு மாற்றத்துக்கு முன்னர் கோப்புகளைப் படி எடுத்து வைத்தல்.
* கம்பியில்லாச் சில்லின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்து வைத்தல்.
* இயங்கும் இயக்கியையும் நிலைப்பொருளையும் யூஎஸ்பி நினைவகத்தில் சேமித்தல்.
* லினக்சில் குறைந்தது ஒரு பழைய கருனியையேனும் நீக்காமல் வைத்திருத்தல்.
* புதிய லினக்சை நிறுவும் முன்னர், யூஎஸ்பி நினைவகத்திலிருந்து அதனை நேரடியாக இயக்கி வை-ஃபையைச் சோதித்தல்.
* தேர்வு, திட்ட ஒப்படைப்பு போன்றவற்றுக்கு முந்தைய நாளில் பெரும் பதிப்பு மாற்றத்தைத் தவிர்த்தல். பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நீண்டகாலம் தள்ளிப்போடுதல் தகாது.