தளிர்நடைப் பருவமும் திறந்த வெளியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடபகுதியில், கிரியான் மாவட்டத்திலுள்ள பாகான் செராய், புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை மூலமாகக் கொண்டு 1906இல் நிறைவுற்ற பாசனத் திட்டத்தால் நெல் விளையும் பூமியாயிற்று. அதன் சுற்றுவட்டாரத்தில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த தமிழர்களின் பிள்ளைகள், நடை பழகும் பருவத்தைப் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியில்தான் கழித்தனர். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்ட தாய்மார், தங்கள் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில், அதாவது முதிய பெண்ணொருத்தியின் பொறுப்பிலிருந்த தோட்டக் காப்பகத்தில், விட்டுச் சென்றனர். வறுமையும் கொக்கிப்புழு நோயும் மலிந்திருந்த அக்காலத்தைப் பொற்காலமெனக் கொண்டாடுவது அந்தத் தாய்மாருக்கு இழைக்கும் அநீதி. எனினும் மண்ணும் மரநிழலும் அப்பிள்ளைகளுக்குக் கேளாமலே கிடைத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளிலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடும்பங்கள் பெயர்ந்த பிறகு, முன்பு தானாக அமைந்த இவ்வெளியைப் பெற்றோர் திட்டமிட்டே தரவேண்டியிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குக் கைப்பேசி, தொலைக்காட்சி முதலிய திரைகள் அறவே வேண்டாம் என்றும் கூறுகிறது. இவ்வளவு நேர அசைவுக்குச் சிறிய கூடம் இடம் தராது. மேலும், ஓடு பதித்த தரையில் ஒரே சீராக நடக்கும் குழந்தை, புல்தரையில் கால் வைத்ததும் விரல்களை அழுத்தி ஊன்றுகிறது, கைகளை அகல விரிக்கிறது, மேடு வந்தால் முழங்காலை மடித்துக் குந்துகிறது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் தசைகளும் ஒன்றையொன்று அனுசரித்து இயங்கப் பழகுவது இத்தகைய தடுமாற்றங்களால்தான். வயலில் இறங்கும் கொக்கைக் குழந்தை விரலால் சுட்டும்போது, உடனிருக்கும் பாட்டி அதே திசையில் பார்த்து அதன் பெயரைச் சொன்னால், இருவர் கவனமும் ஒரே பொருளில் குவிந்த அந்த நொடியில் சொல் மனத்தில் பதிகிறது. மொழி வளர்ச்சிக்கு இதனினும் எளிய, இதனினும் சிறந்த பாடம் அரிது.

கண்ணுக்கும் வெளியொளி நன்மை செய்கிறது. சீனத்தின் குவாங்சௌ நகரத் தொடக்கப்பள்ளிகளில் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில், பள்ளி நாள்தோறும் 40 நிமிடங்கள் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளிடையே, மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை, அதாவது தொலைவிலுள்ளவை மங்கித் தெரியும் குறை, 30.4 விழுக்காட்டினருக்கே தோன்றியது. மற்றவர்களிடையே அது 39.5 விழுக்காடு. ஆய்வில் பங்கேற்ற பிள்ளைகள் ஆறேழு வயதினர் என்பதால், இம்முடிவைத் தளிர்நடைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் வெளியில் செல்லும் பழக்கம் வேரூன்றுவது தளிர்நடைப் பருவத்தில்தான்.

நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகையே வடக்கிலுள்ள பாகான் செராயில் நண்பகல் வெயில் மிகக் கடுமையாதலால், காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது பொருந்தும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு மிகுதியாகக் கடிப்பதும் ஏறக்குறைய இவ்வேளைகளில்தான் என்பதால், கை கால்களை மூடும் மெல்லிய பருத்தி உடை அவசியம். புழு ஏறாதிருக்க, அசுத்தமான மண்ணில் செருப்பின்றி விடலாகாது. பாசன வாய்க்கால் அருகில் இருந்தாலோ, பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஆழமற்ற நீரிலும் சிறு குழந்தை ஓசையின்றி மூழ்கிவிடும்.